தோளில் கை படும்வரை

எங்கள் சபையில் சங்கிலி ஜெபத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறது. யாருக்காவது பெரிய ஆபத்து என்றால், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு, இரவும் பகலும் இடைவெளி விடாமல் கோயிலில் ஜெபிப்போம். கோயில் என்று எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சொல்வது சர்ச்சைத்தான். ஆல்டர் என்கிற பீடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஜமுக்காளம் விரித்திருக்கும். ஒருவர் அதில் முழங்காலிட்டு இருப்பார். அவருடைய நேரம் முடிந்ததும் அடுத்தவர் வந்து பக்கத்தில் முழங்காலிட்டு அவர் தோளைத் தொடுவார். தொட்ட பிறகுதான் முதலாவது ஆள் எழுந்திருக்கலாம். அதற்கு முன்னால் எழுந்துவிட்டால் சங்கிலி அறுந்தது என்று அர்த்தம். நடுவில் யார் வந்தாலும் போனாலும் திரும்பிப் பார்க்கவும் கூடாது. இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். அறைகளைக் கூட்டுவது, பெட்ஷீட் மாற்றுவது, துவைத்துக் காயப்போட்டு மடிப்பது. பத்தாவது வரை படித்திருக்கிறேன். வீடு தென்காசியில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. என் கணவருக்கு அருவிக்கு மேலே, மலையில் ஒரு பழத் தோட்டத்தில் வேலை. மங்குஸ்தான் பழுக்கிற சீசனில் குரங்கும் திருடரும் பறிக்காமல் காவல் இருக்க வேண்டும் என்பதால் வாரக்கணக்கில் மேலேயே தங்கிவிடுவார். அவரோடு கடையநல்லூர்க்காரர் ஒருவரும் அங்கே வேலை செய்தார். எல்லாரும் அவரைப் பாய் என்பார்கள். வயதில் மூத்தவர் என்பதால் நான் அண்ணன் என்பேன்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அமைதியாக ஒரு இடத்துக்குள் நுழைந்ததே கிடையாது. தெரு முனையில் திரும்பும்போதே "ஏட்டி, உலைய வச்சிட்டியா" என்று சத்தம் கொடுத்துவிடுவார். மலையில் ஆளுக்கு ஆள் கூவிப் பேசிப் பழகிய தொண்டை. இன்னொன்று அவருடைய மஞ்சள் மழைக்கோட்டு. என் அண்ணன் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. தடித்த ரப்பர், தலையையும் மூடும். அதைப் போட்டுக்கொண்டு அசைந்தால் கறக், கறக் என்று ஒரு சத்தம் வரும். எங்கள் சபையில் அந்தக் கோட்டைத் தெரியாதவர்கள் இல்லை. சீசனில் என்றைக்காவது ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தால், கதவுக்குப் பக்கத்தில் தூணோரம் இருக்கிற கடைசிப் பெஞ்சில் அதோடேயே உட்காருவார். பிரசங்கம் நீண்டால் கறக், கறக் என்று கேட்கும்.

அவருக்கு இருந்த தொண்டையில் பாதி எனக்கு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதன்கிழமைகளில் வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக ஜெபிப்பார்கள். என் முறை வரும்போது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் கையை மெதுவாக அழுத்துவேன். என்னைத் தாண்டிப் போங்கள் என்று அதற்கு அர்த்தம். பக்கத்தில் எப்போதும் இருப்பது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். பாட்டுக்காரி, தைரியசாலி. "ஒன் பங்கையும் சேத்து நானே ஜெபிச்சு எனக்குத் தொண்ட கட்டிப் போச்சுட்டி. மோட்சத்துல ஆண்டவர் ஒன்ன ஆருன்னு கேட்டாலும் என் கையத்தான் அமுக்குவியா" என்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே ஒரு கேள்வி உண்டு. சத்தமாகச் சொல்ல வராத விசுவாசம் விசுவாசம்தானா என்று.

சில சீசனுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் லாட்ஜில் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன். சாரல் காலத்தில் எதுவும் காயாது. காலி அறைகளில் கயிறு கட்டி, ஃபேனைப் போட்டுத் தொங்கவிடுவோம். வரிசை வரிசையாக வெள்ளைத் துணிகள் தானாக அசையும். அதற்குள் நடந்து போகும்போது யாரோ அடுத்த வரிசையில் கூடவே நடப்பதுபோல இருக்கும். அது பழகிப்போன பயம். அன்றைக்குப் பயமாக இருந்தது சத்தம். அருவிச் சத்தம் எங்களுக்குக் காதில் விழாது, அது எப்போதும் இருப்பதால். அன்று காதில் விழுந்தது. இரைச்சல் போய் ஒரு உறுமலாக மாறி, தரைவழியாகக் காலில் ஏறியது. ஜன்னலைத் திறந்தேன். மலையே இல்லை. வெள்ளையாக மூடிக் கிடந்தது. கீழே ரோட்டில் போலீஸ் விசில். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, செம்மண் நிறத்தில் மரக்கிளைகளோடு வருகிறது என்று மேனேஜர் சொன்னார்.

கணவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் சொன்னாள். பாய்க்குப் போட்டேன். அதே பெண். சாயங்காலம் வரை அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அருவிப் பக்கத்துச் செக்போஸ்டில் கேட்டதற்கு, ஓடையில் வெள்ளம் வடியாமல் யாரும் மேலே ஏற முடியாது, காலையில் பார்க்கலாம் என்றார்கள். இருட்டுகிற நேரத்தில் பஸ் பிடித்துத் தென்காசிக்கு வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே ஐயரம்மாவிடம் போனேன். ஐயர் என்று நாங்கள் சொல்வது சபைப் போதகரை. ஐயரம்மா அவர் மனைவி. நான் வாய் திறக்கும் முன்பே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் ஆலய மணி அடித்து, சங்கிலி தொடங்கியது. முதல் மணி நேரம் ஐயரம்மாவே முழங்காலிட்டார்கள்.

"ஒண்ணுக்கும் பயப்படாதம்மா. சங்கிலி மட்டும் அறுந்துரக் கூடாது. எல்லாருக்கும் கண்டிச்சுச் சொல்லியிருக்கேன்" என்றார்கள்.

ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் எனக்குள் வேறு மாதிரி இறங்கிவிட்டது. என் கணவர் எங்கேயோ தண்ணீருக்கு மேலே ஒரு சங்கிலியில் தொங்குகிறார், அதன் மறுமுனை எங்கள் கோயில் ஜமுக்காளத்தில் இருக்கிறது என்று ஒரு காட்சி. அன்று இரவு வீட்டில் படுத்திருந்தும், கோயிலில் யார் எழுந்திருக்கிறார்கள், யார் உட்காருகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்தது மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான மணி நேரம். யாரும் விரும்பாத நேரம், உறக்கம் வரும். எனக்கு அடுத்தது டீச்சர்.

மழை அடித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் கரண்ட் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் தோளைத் தொட்டேன். அவர் எழுந்து, என் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டுப் போனார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். ஜெபிக்க உட்கார்ந்தேனே தவிர, என்ன ஜெபிக்க என்று தெரியவில்லை. காப்பாத்தும், காப்பாத்தும் என்று அந்த ஒரு சொல்லையே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சொல்லுக்கும் அர்த்தம் போய்விட்டது. கூரையில் விழுகிற மழைபோல அதுவும் ஒரு சத்தமாகிவிட்டது. கண்ணைத் திறந்தால் ஆல்டர்மேல் சிலுவை இருட்டில் சரியாகத் தெரியவில்லை. மத்தியானம்தான், ஆனால் கோயிலுக்குள் பொழுது அடைந்துவிட்டதுபோல இருந்தது.

அப்போது பின்னால் கதவுப் பக்கம் ஈரக் கால் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, பார்த்துப் பார்த்து வைக்கிற கால்.

டீச்சர் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தோளில் கை படும் என்று காத்திருந்தேன். கால் சத்தம் முன்னால் வரவில்லை. கடைசிப் பெஞ்சு லேசாக முனகியது. யாரோ உட்காருகிறார்கள். பிறகு, கறக் என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொரு கறக்.

காற்று கதவுவழியாக உள்ளே வந்தபோது வாசனையும் வந்தது. ஈர ரப்பர், விறகுப் புகை, அழுகிய மங்குஸ்தான் தோல். அவர் மலையிலிருந்து இறங்கி வரும்போது வருகிற அதே வாசனை. அந்தக் கோட்டைத் துவைத்துப் போடுகிறவள் நான். எனக்குத் தெரியாதா.

அவர் உயிரோடு வந்திருந்தால் சும்மா உட்காருவாரா. தெரு முனையிலேயே கூப்பிட்டிருப்பார். கோயில் என்றும் பார்க்க மாட்டார். "ஏட்டி, எந்திரி, பசிக்கி" என்று வாசலில் நின்று சத்தம் போட்டிருப்பார். ஒரு சொல்கூடப் பேசாமல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது அவர் இல்லை. அல்லது அவர்தான், ஆனால் வேறு மாதிரி வந்திருக்கிறார். லாட்ஜில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் ஒன்று சொல்வார்கள். தண்ணீரில் போனவர்கள் ஒரே ஒரு தடவை நனைந்தபடியே வந்து, வீட்டு ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்களாம். கூப்பிட்டால் போய்விடுவார்களாம். நான் அதை நம்பியதில்லை. கிறிஸ்தவர்கள் அதெல்லாம் நம்பக் கூடாது. ஆனால் அந்தக் கோயிலில், அந்த ஜமுக்காளத்தில், அதைத் தவிர வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. படித்த வசனம் ஒன்றுகூட வரவில்லை.

தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கோட்டு நுனியிலிருந்து தரைக்கு. சொட்டு, சொட்டு. நிதானமான மூச்சு. இருமலை அடக்கிக்கொள்வதுபோல ஒரு சின்ன ஓசை. நான் திரும்பவில்லை. திரும்பினால் சங்கிலி அறுந்துவிடும். அவர் இன்னும் தண்ணீரில் எங்கேயோ உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தால், என் கையாலேயே விட்டதுபோல ஆகிவிடும். திரும்பாமலே இருந்தாலோ, பின்னால் இருப்பது அவர்தான் என்றால், கடைசியாக ஒரு பார்வைகூடப் பார்க்காமல் அனுப்பியதாக ஆகிவிடும். இரண்டு பக்கமும் நான்தான் தப்பு செய்வேன். டீச்சர் வந்து தொட்டுவிட்டால் போதும், எழுந்து திரும்பலாம். டீச்சர் வரவில்லை.

நேரம் போனது. என் மணி முடிந்துவிட்டது என்று முழங்கால் சொன்னது. முதலில் வலி, பிறகு மரத்துப்போனது, பிறகு கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு தடவை கோயிலின் இரும்புக் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது. சிமெண்டுத் தளத்தில் செருப்புச் சத்தம் வந்தது. கதவுவரை வந்தது. நின்றது. ரொம்ப நேரம் நிற்கவில்லை. திரும்பி வேகமாகப் போய்விட்டது. கேட்டு படபடவென்று அடித்தது. வந்தவர் உள்ளே பார்த்துவிட்டு ஓடுகிறார். அப்படியென்றால் என் பின்னால் இருப்பது என் மனப்பிரமை இல்லை. மற்றவர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்று.

கறக்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பயந்து பயந்து, அதற்கு மேல் பயப்பட இடம் இல்லை என்கிற ஒரு கட்டம் வந்தது. அங்கே ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தது. நேற்றிலிருந்து நான் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சங்கிலியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் முழங்கால் வலித்து எழுந்துவிட்டால் மலையில் ஒரு ஆளைக் கைவிடுகிற ஆண்டவர் என்றால், அவரிடம் ஒப்புக்கொடுத்து என்ன பயன்?

வாய் திறந்தேன். என் குரல் அந்தக் கோயிலில் தனியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆண்டவரே, நான் திரும்பப் போதேன். சங்கிலி அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். இருக்காவளோ இல்லையோ, அவிய ஒம்ம கையிலதான் இருக்காவ. என் கையில இல்ல. நீரு விட்டுராதிரும். ஆமென்."

"ஆமீன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எங்கள் சபையில் யாரும் அப்படி இழுத்துச் சொல்ல மாட்டார்கள். நான் திரும்பினேன். எழுந்திருக்க முடியவில்லை, ஜமுக்காளத்திலேயே சாய்ந்து, கையை ஊன்றித் திரும்பினேன். தூணோரத்தில் மஞ்சள் கோட்டு உட்கார்ந்திருந்தது. தலை மூடியிருந்ததால் முகம் இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது. இரண்டு கைகள் எழுந்து கோட்டின் தலைமூடியைப் பின்னால் தள்ளின. நனைந்த வெள்ளைத் தாடி. பாய்.

"முடிஞ்சிட்டாம்மா?" என்றார். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

கோட்டைத்தான் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டார்.

"உசுரோட இருக்கான் தங்கச்சி. பயப்படாத. கால்தான் போச்சு, ஒடிஞ்சிருக்கு. நேத்தே சாயங்காலம், பொழுது சாயும் முன்ன ஓடையில இருந்து இழுத்துப் போட்டுட்டேன். ராத்திரி பூரா தோட்டத்துச் செட்டுலதான் கெடந்தோம். ஓடை வழி அடபட்டுப் போச்சுல்லா, காலையில சுத்திச் சுத்தி எறங்கி வந்து செக்போஸ்டுல சொல்லிட்டேன். ஆளு ஏறிப் போயிருக்காவ. ரெண்டு பேரு போனும் தண்ணியில போச்சு. என் பிளாஸ்டிக் சீட்டு கிழிஞ்சிட்டுன்னு அவன்தான் கோட்டக் கழத்திக் குடுத்தான்."

"எப்ப வந்திய அண்ணே?"

"வந்து ரொம்ப நேரமாச்சு. ஒங்க தெருவுல கடைக்காரரு, நீ கோயில்ல இருக்கன்னு சொன்னாரு. வந்து பாத்தா நீ தொழுதுட்டு இருக்க. தொழுதவுகள எழுப்பக் கூடாதுல்லாம்மா. முன்னால வந்து நிக்கவும் கூடாது. முடிக்கட்டும்னு பின்னால இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, பயந்துகொண்டே கேட்டார். "ஒங்களுக்கு எப்பவும் இவ்வளவு நேரம் ஆகுமா?"

நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. யாராவது தொடும்வரை நான் எழக் கூடாது. நான் எழும்வரை அவர் பேசக் கூடாது. நான் எதைக் கேட்டுத் தவித்தேனோ அதற்குப் பதில் எனக்குப் பின்னால் நனைந்துபோய், பல் நடுங்கிக்கொண்டு, மரியாதையாகக் காத்திருந்தது.

ஜமுக்காளத்தை அப்படியே விட்டுவிட்டு மழையில் அவரோடு ஓடினேன். டீச்சருக்கு அடுத்த முறைக்கு ஐயரம்மா வந்து பார்த்தபோது கோயில் காலியாக இருந்ததாம்.

அதோடு முடியவில்லை. மலைக்கு ஏறிய ஆட்கள் அவரைத் தூக்கிவந்து சேர்த்த ஆஸ்பத்திரியில், காலுக்குக் கம்பி வைத்த பிறகு காய்ச்சல் வந்தது. ஓடைத் தண்ணீரும் சேறும் புண்ணுக்குள் போயிருந்தது. இரண்டு நாள் பார்ப்போம், காலை எடுக்க வேண்டியும் வரலாம், உயிரைப் பற்றியும் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எப்போதும் சத்தம் போடுகிறவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேச்சே இல்லை. அந்த மௌனம் எனக்குக் கோயிலில் கேட்ட மௌனத்தைவிடப் பயமாக இருந்தது.

ஐயரம்மா பார்க்க வந்தார்கள். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்கள்: "சபையில கொஞ்சப் பேரு பேசிக்கிடுதாவ. நடுவுல அறுந்ததுனாலதான் இப்பிடி ஆயிட்டோன்னு. இன்னொரு சங்கிலி போட்டுருவமா? இந்தத் தடவ நானே கதவாண்ட நின்னு பாத்துக்கிடுதேன்."

நான் பெரியவர்களிடம் மறுத்துப் பேசியதில்லை.

"ஜெபிக்கச் சொல்லுங்கம்மா. அவியவிய வீட்டுல இருந்து, முடிஞ்ச நேரம். சங்கிலி வேண்டாம்."

அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் இல்லை, புரியாமல் பார்த்தார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, "சரிம்மா" என்று மட்டும் சொல்லி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம்வரை என்னோடு இருந்தார்கள். சத்தமாக ஜெபிக்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் நான் ஜெபிக்கப் படித்தேன் என்று நினைக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் அவர் முகத்தைத் துடைக்கும்போது, இன்னைக்கும் ஒம்ம கையில, என்பேன். சாயங்காலம் துணி பிழியும்போது அதையே சொல்வேன். பதில் வந்ததா என்று பார்க்கவில்லை. காய்ச்சல் இறங்கினாலும் அதே சொல், ஏறினாலும் அதே சொல். முன்பெல்லாம் ஏறினால் நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடுவேன். இறங்கினால் என் ஜெபம் கேட்கப்பட்டது என்று சந்தோஷப்படுவேன். அந்தத் தராசை அப்போது கீழே வைத்துவிட்டேன். வைத்த பிறகும் பயம் போகவில்லை. பயம் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது, ஜெபம் ஒரு பக்கம் நடந்தது.

ஒரு நாள் காலையில் அவர் சுவரிலிருந்து திரும்பி, "ஏட்டி, அந்தக் கோட்டு எங்க" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "நான் போகாட்டாலும் என் கோட்டு ஒழுங்கா கோயிலுக்குப் போயிருக்கு பாத்தியா" என்றார். அப்போதுதான் பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது. காலும் தப்பியது, கொஞ்சம் வளைந்து.

டீச்சர் விஷயம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. என்னிடம், அன்றைக்கு மழை, வர முடியவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷத்து அசனப் பண்டிகைக்கு, சபை முழுக்க ஒன்றாகச் சாப்பிடுகிற அந்த விருந்துக்கு, எல்லாரும் கோயில் வளாகத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் என் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வெங்காயத்தால்தான் என்று நினைத்தேன்.

"நான் அன்னைக்கு வந்தேன்ட்டி" என்றார்கள்.

"எங்க டீச்சர்?"

"கதவு வரைக்கும். நீ முக்காடு போட்டு முன்னால இருக்க. ஒனக்குப் பின்னால ஒன் வீட்டுக்காரரு கோட்டப் போட்டுக்கிட்டு அவரு எடத்துலயே தல குனிஞ்சு உக்காந்திருக்காரு. மொகமே இல்ல. தண்ணி ஒழுகுது. செத்துப் போயி வந்துட்டாருன்னு நெனச்சேன். ஓடிட்டேன். ஒரு வாரம் காய்ச்சல்."

"நீங்களா டீச்சர்? பேயி பிசாசு எல்லாம் ஆண்டவர் பேரச் சொன்னா ஓடிரும்னு சண்டே ஸ்கூல்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான."

"அது ஓடலட்டி. நான்தான் ஓடுனேன்."

இரண்டு பேரும் வெங்காயத்தை வைத்துவிட்டுச் சிரித்தோம். பிறகு டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள், நான் ஜெபக் கூட்டத்தில் அழுத்துவதுபோல. இதை எழுதலாமா என்று போன வாரம் கேட்டபோது, "எழுது. என் பேர மட்டும் போட்டுராத" என்றார்கள்.

சாட்சி சொல்லச் சொல்லி ஐயர் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். சங்கிலி ஜெபம் ஒரு ஆத்துமாவை மலையிலிருந்து இறக்கியது என்று அவரே முன்னுரை சொல்லிவிட்டார். "நாம மொத மணி அடிக்கதுக்கு முன்னாலயே அவியள தண்ணியில இருந்து தூக்கியாச்சு. தூக்குனது நம்ம சபை ஆளு இல்ல. நாம கேக்கதுக்கு முன்னாலயே கர்த்தர் குடுத்திருந்தாரு. எனக்குத் தெரியாம இருந்துச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பிறகு எங்கேயோ பின்னால் ஒருவர் மெதுவாக ஸ்தோத்திரம் என்றார்.

என் கணவர் இந்த சீசனிலும் மலைக்குப் போயிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பாய் தனியா என்ன செய்வாரு" என்று வளைந்த காலோடு ஏறிவிட்டார். கோட்டைப் பாயே வைத்துக்கொள்ளட்டும் என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கொடுத்துவிட்டார். இவருக்கு வேறு வாங்கினோம், நீல நிறம், லேசான துணி, சத்தமே வராது.

நேற்று மத்தியானம் மாடி அறையில் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் மலை காணாமல் போயிருந்தது. தரையில் அந்த உறுமல் மறுபடியும் காலில் ஏறியது. போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. பயம் வந்தது. வராது என்று சொல்ல மாட்டேன். துணியின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கும் ஒம்ம கையில, என்றேன்.

வெள்ளைத் துணிகளுக்கு அந்தப் பக்கம், கதவோரம், கறக் என்று ஒரு சத்தம் கேட்டது. கோட்டு மலைமேல் இருக்கிறது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கயிறோ, கதவோ, என்னவோ.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, நான் முடிக்கட்டும் என்று யாரோ பின்னால் பொறுமையாக இருப்பதுபோல இருந்தது. சத்தமாக ஆமென் சொல்லிவிட்டு, அடுத்த பெட்ஷீட்டைக் கயிற்றிலிருந்து எடுத்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.